செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், இந்தப் பனியிலும் கோத்தகிரிக்கு வந்து சேர்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு மாதம் ஒருமுறை கூடியது. மழையால் இரண்டு கூட்டங்கள் தள்ளிப்போயின. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கிப் பட்டியலும் அவரிடமே இருக்கிறது.

ஆண்டின் பெரிய காரியம் கடற்கரைப் பயணம்தான். சின்னச் சின்ன அருங்காட்சியகங்களாகப் பார்த்துக்கொண்டே கடலோரமாகப் போவது என்று திட்டம். வியாழன் இரவு வேனில் கிளம்பினோம். மேட்டுப்பாளையம் தாண்டுவதற்குள் எல்லோரும் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டார்கள்.

வெள்ளி காலை போய் இறங்கினால் வாசலில் பூட்டு! அந்த அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையாம். விசாரிக்காமல் விட்டது முழுக்க முழுக்க என் தவறு. அன்று பூம்புகார் கடற்கரையில் சுண்டல் தின்றதோடு சரி.

மறுநாள் தரங்கம்பாடி. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டைக்குள்ளேயே அருங்காட்சியகம் இருக்கிறது. வாள், ஈட்டி எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்த நம் ஆட்கள், சீனத் தேயிலை ஜாடிகள் முன்னால் நின்றவர்கள் நகரவே இல்லை. பச்சைத் தேயிலைக்குக் கிலோவுக்கு என்ன விலை என்று தினமும் புலம்புகிறவர்கள் அல்லவா! "நம்ம மலையில தேயிலைச் செடியே இல்லாத காலத்துச் சரக்குங்க இது" என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். ஜாடியின் வாய்க்குள் எட்டிப் பார்த்து, வாசனை மிச்சம் இருக்கிறதா என்று மூக்கை நீட்டியவரும் உண்டு. நாயக்கர் டென்மார்க் மன்னருக்கு எழுதிய தங்க ஓலை மட்டும் கோபன்ஹேகனில் இருக்கிறது.

பக்கத்திலேயே சீகன்பால்க் நினைவு இல்லம். தமிழில் புத்தகம் அச்சிட்ட ஜெர்மானியப் பாதிரியார், 1706-இல் வந்து இறங்கியவர். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்ததால் தாள் கட்டுப்படியாகாமல், சின்ன எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்திருக்கிறார்கள். அச்சகம் நடத்திய நம் உறுப்பினரை அங்கிருந்து கிளப்ப அரைமணி நேரம் ஆனது.

ஞாயிறன்று வேதாரண்யம். 1930-இல் ராஜாஜி தலைமையில் உப்பு எடுத்த அகத்தியம்பள்ளியில் நினைவுத்தூண் இருக்கிறது. உப்பட்டுவ ஹப்பா என்ற படுகர் பண்டிகையில் எருமைகளுக்கு உப்பு வைக்கும் ஹட்டிக்காரர் (நம் மலைக் கிராமத்துக்காரர்) ஒருவர், உப்பளத்தில் ஒரு பை உப்பு வாங்கிக்கொண்டார்.

திரும்பும் வழியில் வேனில் பேச்சு வேறு பக்கம் போனது. நம் நீலகிரி மலையின் கற்குவைகளில், அதாவது பழங்காலப் புதைகுழிகளில், அந்நாளைய ஆங்கிலேய அதிகாரி பிரீக்ஸ் துரை தோண்டி எடுத்த பொருள்கள் லண்டன் வரை போயிருக்கின்றன. எருமை உருவம் வைத்த பானை மூடிகளைப் பார்க்க நாம் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். சரி, இங்கே இருப்பதையாவது பார்த்தோமா? கோவை கலெக்டராக இருந்த சல்லிவன் 1819-இல் கட்டிய கன்னேரிமுக்கு பெத்தக்கல் பங்களாவுக்குள் போனவர்கள் கை தூக்குங்கள் என்றேன். மூன்றே கைகள். அதில் ஒன்று டிரைவருடையது.

அதனால் அடுத்த மாதமே அங்கே ஒரு நடை போய் வந்தோம். செலவு டீக்கு மட்டும்தான்.

அடுத்த பயணம் ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனை, அப்புறம் பழங்காலத் தாழிகள் கிடைத்த ஆதிச்சநல்லூர். பெயர் கொடுப்பவர்கள் இன்றே கொடுத்துவிடவும். வெள்ளிக்கிழமை கூடாது என்பதைத் தீர்மானப் புத்தகத்திலேயே எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
செயலாளர்