ராமானுஜன் வீட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டி வரும் கணக்கு ஆசிரியர்களுக்கு

சார்களுக்கும் டீச்சர்களுக்கும் வணக்கம்.

நான் கும்பகோணத்துக்காரன். ஆசிரியர் இல்லை, பள்ளிக்கூடத்தில் கணக்கில் நாற்பதைத் தாண்டியவனும் இல்லை. சாரங்கபாணி சந்நிதித் தெரு வழியாகத் தினமும் போய்வருகிறவன், அவ்வளவுதான். ராமானுஜன் பிறந்த நாளான டிசம்பர் 22 நெருங்கினால் உங்கள் பஸ்கள் ஊருக்குள் வந்துவிடும். பிள்ளைகள் வரிசையாக நடந்து அந்தச் சின்ன ஓட்டு வீட்டுக்குள் போவார்கள், கட்டிலைப் பார்ப்பார்கள், சிலைக்குப் பக்கத்தில் ஒரு குரூப் போட்டோ, அப்புறம் வெளியே வந்து செருப்பைத் தேடுவார்கள். ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தேன், ஏழு நிமிஷம். நீங்கள் டிகிரி காபிக்கு நின்ற நேரம் அதைவிட அதிகம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

போன வருஷம் நடந்த ஒன்றுக்காகத்தான் இந்த மடல். எந்த ஊர்ப் பள்ளி என்று சொல்லப்போவதில்லை. ஏழாவதோ எட்டாவதோ படிக்கிற பெண், தெருப்பக்க ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சார், இவரு காலேஜ்ல பெயிலாமே, நிஜமா சார்?" என்று கேட்டாள். சார் சொன்ன பதில்: "அதெல்லாம் அப்புறம், பஸ் கிளம்புது." நான் திண்ணை ஓரமாக நின்றிருந்தேன். அந்த வீட்டில் கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டவள் அவள்தான் என்று எனக்குத் தோன்றியது.

ஏனென்றால் அந்த வீட்டின் கதையே பணக்கஷ்டமும் பெயிலும்தான். ராமானுஜன் பிறந்தது ஈரோட்டில், தாய்வழித் தாத்தா வீட்டில், 1887-ல். ஒரு வயசில் இங்கே வந்தார். அப்பா ஜவுளிக்கடை குமாஸ்தா, சம்பளம் மாசம் இருபது ரூபாய் போல. அம்மா கோமளத்தம்மாள் கோயில் பஜனையில் பாடி ஐந்தோ பத்தோ கொண்டுவருவார். அதுவும் பற்றாமல், வெளியூரிலிருந்து வந்து அரசுக் கல்லூரியில் படித்த பையன்களை வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்டார்கள். உள்ளே போனால் ஒரு தடவை நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தெருப்பக்கம் ஒரு சின்ன அறை, அப்புறம் கூடம், அடுக்களை, கொல்லையில் கிணறு. இதற்குள் ஒரு குடும்பமும், கூடவே சோற்றுக்குக் காசு கொடுக்கும் இரண்டு காலேஜ் பையன்களும். அந்தப் பையன்கள் வழியாகத்தான் லோனி என்பவரின் திரிகோணமிதி (டிரிக்னாமெட்ரி) புத்தகம் இவர் கைக்கு வந்தது. பதின்மூன்று வயசில் அதை முடித்துவிட்டார். கஷ்டத்துக்காக வீட்டுக்குள் விட்ட ஆட்களால் கணக்கு உள்ளே வந்தது. இதை எந்த வழிகாட்டியும் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாரும் கட்டிலில் ஆரம்பித்து, இங்கிலாந்தில் அவர் சிறப்புச் சொன்ன டாக்சி நம்பர் 1729-ல் முடித்துவிடுகிறார்கள்.

1903-ல் கார் என்பவரின் புத்தகம் கிடைத்தது. ஏறக்குறைய ஐயாயிரம் சூத்திரங்கள், நிரூபணம் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி. பரீட்சைக்குத் தயாராகிறவர்களுக்காகப் போட்ட கோனார் நோட்ஸ் மாதிரியான சமாசாரம்தான் அது, ஆனால் இவரைப் பிடித்துக்கொண்டது. அடுத்த வருஷம் டவுன் ஹைஸ்கூலில் கணக்குக்குப் பரிசு வாங்கி, ஸ்காலர்ஷிப்போடு காவேரிக்கரை அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. (அந்தக் காலத்து இரண்டு வருஷக் காலேஜ் படிப்பு) சேர்ந்தார். மற்ற பாடங்களைத் தொடவில்லை, இங்கிலீஷில் போயிற்று, ஸ்காலர்ஷிப்பும் போயிற்று. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். அப்புறம் சென்னை பச்சையப்பன் கல்லூரி. 1906-லும் பெயில், 1907-லும் பெயில். டிகிரியும் இல்லை, வேலையும் இல்லை. அதற்குப் பிறகுள்ள வருஷங்களில்தான் நோட்டுப் புத்தகங்கள் நிறைகின்றன. பேப்பர் விலைக்குப் பயந்து சிலேட்டில் போட்டுப் போட்டு, துணியைத் தேட நேரமில்லாமல் முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் ஏற்றுவார். முழங்கை கறுத்துப் போயிருக்குமாம்.

அடுத்த தடவை ஒரு சிலேட்டும் பல்பமும் கொண்டுவாருங்கள், பத்து ரூபாய் இருபது ரூபாய்தான் ஆகும். திண்ணைப் பக்கம் உட்காரவைத்து ஒரு கணக்கைப் போடச் சொல்லி, முழங்கையால் அழிக்கச் சொல்லுங்கள். வழிமுறை எழுதாமல் விடை மட்டும் ஏன் அந்த நோட்டுகளில் இருக்கிறது என்பது பிள்ளைகளுக்கே புரிந்துவிடும், நீங்கள் விளக்கவே வேண்டாம். (வழிமுறை எழுதாததற்கு நீங்கள் அரை மார்க் குறைப்பீர்கள் என்பது வேறு விஷயம்.)

வீட்டைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. 2003-ல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கிச் சீர்செய்தது, அந்த டிசம்பரில் குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் வந்து அர்ப்பணித்தார். பக்கத்துத் தெருக்களில் முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக லாட்ஜாகிக்கொண்டிருக்கும்போது இது நிற்பதே பெரிசு. 2005-லிருந்து சாஸ்த்ரா இளம் கணித ஆய்வாளர்களுக்குக் கொடுக்கிற ராமானுஜன் பரிசுக்கு வயசு வரம்பு 32. அவர் இறந்த வயசு. மஞ்சுள் பார்கவா, டெரன்ஸ் டாவ், அக்‌ஷய் வெங்கடேஷ் எல்லாம் அதை வாங்கியவர்கள். இதையும் பிள்ளைகளிடம் சொல்லலாம், பொது அறிவுக் கேள்வியாக இல்லாமல்.

ஆகவே கேட்பது இதுதான். அரை மணி நேரம் கொடுங்கள். நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்ன கதையைச் சொல்ல வேண்டாம் என்று சொல்லவில்லை, அவரே நம்பியது அது. ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் பிள்ளைகள் கும்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள், கோயிலுக்கும் வீட்டுக்கும் வித்தியாசமே இல்லாமல். முடிந்தால் பஸ்ஸில் ஏறுமுன் டவுன் ஹைஸ்கூலைக் காட்டி, காவேரிக்கரைக்கும் கூட்டிப்போங்கள், பரிசு வாங்கிய இடமும் கோட்டைவிட்ட இடமும் ஒரே ஊருக்குள்தான் இருக்கின்றன.

அப்புறம், அந்தப் பெண்ணின் சார் இதைப் படித்தால் ஒன்று செய்யுங்கள் சார். நாளைக்கு வகுப்பில் அவளைக் கூப்பிட்டு, "ஆமாம்மா, பெயில்தான், ஒரு தடவை இல்லை" என்று சொல்லிவிடுங்கள். அவள் இன்னும் பதிலுக்குக் காத்திருப்பாள்.