தடித்த சாய்வெழுத்துக்கு ஏன் தனி ஃபைல்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் தலைப்பு எழுத்துருவில் தடித்த சாய்வு வடிவத்தை வெளியிட்டதிலிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "போல்டு ஏற்கெனவே வாங்கிவிட்டோம். இட்டாலிக் பட்டனை அழுத்தினால் சாய்ந்துவிடுகிறது. அப்புறம் எதற்கு இன்னொரு ஃபைல்?" நியாயமான கேள்விதான். தொலைபேசியில் அவசரமாகச் சொன்ன பதிலை இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம்.

அந்தப் பட்டன் எழுத்தைப் புதிதாக வரைவதில்லை. அடியை அப்படியே நிறுத்திவிட்டுத் தலையை வலப்பக்கம் தள்ளுகிறது, அவ்வளவுதான். படுக்கைக் கோடுகளின் தடிமன் மாறாது. நிமிர்ந்த கோடுகள் மிகச் சிறிதளவு மெலியும். மாட்டிக்கொள்வது வளைவுகள்தான். 12 டிகிரி சாய்த்தால் ஒரு வட்டம் மேல் வலது, கீழ் இடது மூலைகளை நோக்கிச் சுமார் 11 சதவீதம் இழுபடுகிறது. எதிர்மூலைகளில் ஏறக்குறைய 10 சதவீதம் நசுங்குகிறது. மெல்லிய எழுத்தில் இதை யாரும் கவனிக்கமாட்டார்கள். கோடே அகலமாக இருக்கும் தடித்த எழுத்தில், ஒரு தோள் வீங்கி மறுதோள் ஒட்டிப்போனதுபோல் தெரியும். மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளிகூட முட்டையாகிவிடும்.

தமிழில் இந்தச் சிக்கல் கூடுதல். மூன்று சுழி ண-வை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தைத் தடிக்க வைத்தால் கோடு உள்நோக்கியும் வளர்கிறது. சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளை அடைபடுகிறது. அதைத் திறக்க எழுத்தை அகலப்படுத்த வேண்டும். அகலமான எழுத்தை அதிகம் சாய்த்தால் முகம் குப்புற விழப்போவதுபோல் நிற்கும். நாங்கள் முதலில் 12 டிகிரியில் வரைந்து பார்த்தோம். ஆங்கில எழுத்துகள் ஓடின, ண-வும் ஞ-வும் தடுமாறின. கடைசியில் 9 டிகிரிக்கு இறங்கி, வளைவுகளை ஒவ்வொன்றாகக் கையால் திருத்தினோம். கோடுகள் சேரும் இடுக்குகளில் கறுப்பு திரண்டு நிற்காதபடி உள்ளே சிறிது வெட்டி எடுத்திருக்கிறோம். எங்களுக்கு அதிக நாள் பிடித்தது ண-தான். 'கண்ணன்' என்று அடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

சாய்வெழுத்தின் தொடக்கமே வேறு. 1501-இல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூட்டியஸ் என்ற பதிப்பாளர் வெளியிட்ட, ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் நூல் முழுவதும் சாய்வெழுத்திலேயே அச்சானது. அதற்கான அச்செழுத்துகளை உலோகத்தில் வெட்டியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. வேகமாக எழுதும் கையெழுத்தின் சாயல் அதில் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், பெரிய எழுத்துகள் (கேப்பிட்டல்) மட்டும் நிமிர்ந்தே நின்றன. தடித்த எழுத்து வந்தது முந்நூறு ஆண்டுகள் கழித்து, லண்டன் சுவரொட்டிகளில் கத்திக் கூப்பிடுவதற்காக. கையெழுத்தின் ஓட்டமும் சுவரொட்டியின் கனமும் ஒரே எழுத்தில் சேரும்போது இரண்டும் இழுபறி செய்யத்தான் செய்யும். வரைபவரின் வேலை அதைத் தீர்ப்பதுதான்.

இனி, பயன்படுத்தும் விதம். இது இரண்டு, மூன்று சொற்களுக்கான எழுத்து. 24 பாயிண்டுக்குக் கீழே கொண்டுபோக வேண்டாம். பெரிய அளவை மனத்தில் வைத்தே இடைவெளிகளை நெருக்கியிருக்கிறோம். முழுப் பத்தியை இதில் அடித்து அனுப்பிவிட்டு "படிக்க முடியவில்லை" என்று எழுதிய நண்பருக்கு எங்களால் அனுதாபம் மட்டுமே தெரிவிக்க முடிந்தது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்தால் எழுத்து இன்னும் தடித்துத் தெரியும், ஆகவே அங்கே மட்டும் இடைவெளியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். இடத்தை நிரப்ப எழுத்தைப் பக்கவாட்டில் இழுக்காதீர்கள். இழுத்தால் நிமிர்ந்த கோடு மட்டும் தடிக்கும், படுக்கைக் கோடு அப்படியே இருக்கும், சாய்வின் கோணமும் மாறிப்போகும். அளவைக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் சொல்லைக் குறையுங்கள்.

சாய்ந்த சொல்லின் கடைசி எழுத்து தன் எல்லையைத் தாண்டி வலப்பக்கம் நீளும். 'ஈ'காரக் கொக்கி வந்தால் இன்னும் மோசம். அதன் பின் நிமிர்ந்த அடைப்புக்குறி வந்தால் முட்டிக்கொள்ளும். இணையப் பக்கத்தில் பெட்டி இறுக்கமாக இருந்தால் நுனி வெட்டுப்படும். வலப்பக்கம் சிறிது இடம் விடுங்கள்.

அதிகம் நடக்கும் தவறு ஒன்று உண்டு. பட்டியலில் எங்கள் தடித்த சாய்வைத் தேர்ந்தெடுத்த பிறகும் பழக்கத்தில் கை இட்டாலிக் பட்டனுக்குப் போய்விடுகிறது. சில மென்பொருள்கள் சாய்ந்ததையே மறுபடி சாய்த்துவிடும். எங்கள் மாதிரி அட்டையையே ஒருமுறை அப்படி அச்சுக்கு அனுப்பி, தாள் கைக்கு வந்த பிறகுதான் கண்டுபிடித்தோம். இணையதளம் செய்பவர்கள் சாய்வு ஃபைலைத் தனியாக இணைக்க வேண்டும். இணைக்காவிட்டால் பிரவுசர் போல்டைத் தானாகவே சாய்த்துக் காட்டும், நீங்களும் அதுதான் எங்கள் வேலை என்று நினைத்துக்கொள்வீர்கள். யூனிகோடுக்கு முந்தைய பழைய பாமினி எழுத்துருக் குறியீட்டில் அடித்த ஃபைல்கள் இதில் வேலை செய்யாது. முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் உங்கள் தலைப்பு வரியை மட்டும் எங்களுக்கு அனுப்புங்கள். பட்டன் சாய்த்ததையும் நாங்கள் வரைந்ததையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துப் படமாக அனுப்புகிறோம். உங்கள் வரியில் ஆங்கிலமும் எண்களும் மட்டும்தான், அதுவும் சிறிய அளவில்தான் என்றால், கையிலிருக்கும் போல்டே போதும் என்று நாங்களே சொல்லிவிடுவோம்.

அன்புடன்,
எழுத்துரு வடிவமைப்புக் குழுவினர்