மூன்று மெழுகுவர்த்தி ஏற்றிப் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தட்டில் தண்ணீர், நடுவே எரியும் மெழுகுவர்த்தி, அதன்மேல் கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சுடர் அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். தொடக்கப்பள்ளிகளில் காலங்காலமாகச் செய்துகாட்டும் சோதனைதான். ஆனால், ஆக்சிஜன் தீர்ந்துபோய் அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது என்று கூடவே சொல்கிறோமே, அந்த விளக்கம் தவறு.

தவறு என்பதை 5ஆம் வகுப்புப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். ஐந்து பேருக்கு ஒரு தட்டு போதும். ஒன்றரை செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி இரண்டு துளி சொட்டு நீலம் விட்டால் மட்டம் எடுப்பாகத் தெரியும். மெழுகுவர்த்தி டம்ளரில் பாதி உயரத்தைத் தாண்டக் கூடாது. சுடர் பட்டால் கண்ணாடி விரிசல் விடும். தண்ணீர் ஊற்றும் முன்பே உருகிய மெழுகைச் சொட்டி அதில் நிற்கவையுங்கள். ஈரத்தட்டில் ஒட்டாது. டம்ளர் விளிம்புக்கு அடியில் இரண்டு நாணயங்கள் அவசியம். இல்லாவிட்டால் விளிம்பு தட்டோடு படிந்து, தண்ணீர் ஏற வழியில்லாமல் போகும். தீக்குச்சி ஆசிரியர் கையில் மட்டும் இருக்கட்டும்.

முதலில் ஒரு மெழுகுவர்த்தி. ஏறிய மட்டத்தை ஸ்கெட்ச் பேனாவால் குறித்துவிட்டு, டம்ளரை ஆறவைத்து, அடுத்து மூன்று மெழுகுவர்த்தி. கவிழ்க்கும் முன், தண்ணீர் எதுவரை வரும் என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுத வேண்டும். டம்ளருக்குள் ஆக்சிஜன் கூடிவிடவில்லை. ஆனாலும் பழைய கோட்டைத் தாண்டித் தண்ணீர் ஏறும். பிள்ளைகள் நோட்டையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். அப்போது அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

கவிழ்க்கும்போது விளிம்போரம் குமிழ் வருகிறதா, தண்ணீர் பெரும்பாலும் ஏறுவது சுடர் அணையும் முன்பா பின்பா என்று மட்டும் கேளுங்கள். சூட்டில் விரிந்த காற்றில் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. மிஞ்சியது ஆறிச் சுருங்க, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். சுடர் அணைந்த பிறகும் அதில் பெரும்பகுதி உள்ளேயே இருக்கும். செலவானதற்குப் பெருமளவு ஈடாகக் கார்பன் டை ஆக்சைடும் வந்துவிடும்.

குழுவுக்குக் குழு அளவு மாறும். சுடருக்கு மேலே டம்ளரை நெடுநேரம் பிடித்திருந்து மெதுவாக இறக்கிய குழுவுக்கு அதிகம் ஏறியிருக்கும். அதைப் பிழை என்று அடித்துவிடக் கூடாது, தயவுசெய்து. காரணத்தைத் தேட அதைவிட நல்ல பிடி கிடைக்காது. சுடரே இல்லாமல், டம்ளரை வெந்நீரில் அலசிக் கொட்டிவிட்டு உடனே கவிழ்த்தாலும் கொஞ்சம் ஏறும். இதை ஆசிரியரே செய்வது நல்லது.

அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை படிப்போருக்கு, அறிவியலையும் கணிதத்தையும் செய்துபார்த்துக் கற்பதற்கான வானவில் மன்றம் என்ற திட்டம் 2022இல் வந்தது. 4, 5ஆம் வகுப்புகளுக்கும் வாரம் ஒரு பாடவேளை இப்படி ஒதுக்கலாம். ஒரு தட்டும் டம்ளரும் எந்தப் பள்ளியிலும் இருக்கும்.

உங்கள் இதழின் மாணவர் பக்கத்தில் இந்தச் சோதனையை வெளியிட்டால், செய்முறையை இந்த வாரமும் விளக்கத்தை அடுத்த வாரமும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர்,
புதுக்கோட்டை மாவட்டம்.