அந்தப் புலி பெட்ரோல் பங்க்கிலிருந்து வந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார் ஷெட்டுகளில் பழகிய பையன்கள் வாசித்த முரட்டு ராக் இசையான, அறுபதுகளின் அமெரிக்க கராஜ் ராக் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ‘லூயி லூயி’ பாட்டில் ஆபாசம் இருக்கிறதா என்று எஃப்.பி.ஐ. துருவித் துருவிப் பார்த்து, வார்த்தைகளே விளங்கவில்லை என்று கைவிரித்த கதையை அருமையாகச் சொல்லியிருந்தார் கட்டுரையாளர். ஆனால் அதே காலத்தில், ‘கன்ட்ரி’ எனப்படும் அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசையின் பாடகர் பக் ஓவன்ஸ் பாடிய ‘ஐவ் காட் எ டைகர் பை த டெயில்’ பாட்டை, ‘புலிவாலைப் பிடித்த கதை’ என்கிற பழமொழியிலிருந்து வந்தது என்று ஒரே வரியில் தாண்டிவிட்டார். பழமொழி நமக்கும் உண்டு, அவர்களுக்கும் உண்டு. ஆனால் ஓவன்ஸின் புலி வந்தது எஸ்ஸோ பெட்ரோல் பங்க்கிலிருந்து.

‘உங்கள் டேங்கில் ஒரு புலியைப் போடுங்கள்’ என்ற எஸ்ஸோ விளம்பரம் 1964இல் அமெரிக்கா முழுக்கப் பரவியது. பெட்ரோல் மூடியிலிருந்து துணியால் செய்த புலிவால் தொங்க, கார்கள் ஓடின. ஓவன்ஸும் பாடலாசிரியர் ஹார்லன் ஹோவர்டும் பயணத்தில் அந்த விளம்பரப் போர்டைப் பார்த்ததில் பிறந்ததுதான் இந்தப் பாட்டு. 1965இல் கன்ட்ரி பட்டியலில் ஐந்து வாரம் முதலிடம். ராக், பாப் எல்லாம் கலந்த பொதுப் பட்டியலிலும் 25ஆம் இடம் வரை ஏறியது.

இன்னும் இருவரையும் விட்டுவிடக் கூடாது. வில்லி டிக்சன் எழுதிய ‘டைகர் இன் யுவர் டேங்க்’ பாட்டை ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் 1960இலேயே அமெரிக்காவின் நியூபோர்ட் ஜாஸ் விழா மேடையில் பாடிவிட்டார். விளம்பர வாசகம் 1959இல் எழுதப்பட்டது என்பது நிறுவனத்தின் கணக்கு. எழுதப்பட்ட ஊர் சிகாகோ. டிக்சனும் வாட்டர்ஸும் வாழ்ந்ததும் அங்கேதான். விளம்பரத்தின் புகழைப் பேசுகிறவர்கள் இந்தக் கறுப்பினக் கலைஞர்களின் பெயரைச் சொல்வதே இல்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

‘எஸ்ஸோ’ என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. ராக்ஃபெல்லர் 1870இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு ஆயில் என்ற எண்ணெய் நிறுவனத்தை 1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 34 நிறுவனங்களாக உடைத்தது. அதில் நியூஜெர்சி கம்பெனி, பழைய பெயரின் முதலெழுத்துகளான எஸ், ஓ இரண்டையும் சேர்த்து உச்சரித்து ‘எஸ்ஸோ’ ஆக்கிக்கொண்டது. உடன்பிறந்த மற்ற கம்பெனிகள் வழக்குப் போட்டதால் பல மாநிலங்களில் அந்தப் பெயரை வைக்க முடியவில்லை. அங்கெல்லாம் ‘என்கோ’ என்று விற்றார்கள். 1972இல்தான் அமெரிக்காவில் எல்லாம் ‘எக்ஸான்’ ஆனது.

ஓவன்ஸ் குடியேறிய, கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டும் எண்ணெய் ஊர்தான். முப்பதுகளின் வறட்சியில் ஓக்லஹோமாவையும் டெக்சஸையும் விட்டு வந்தவர்கள் அங்கே எண்ணெய்க் கிணறுகளிலும் பருத்திக் காடுகளிலும் உழைத்தார்கள். ராத்திரி மதுக்கடைகளில் ஆடினார்கள். அந்த இரைச்சலை மீறிக் கேட்கத்தான் டெலிகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிட்டார் அப்படிக் கூர்மையாக அலறியது. பக்கத்து ஊரின் பெயரே ஆயில்டேல். இன்னொரு கன்ட்ரி பாடகர் மெர்ல் ஹேகர்டு பிறந்தது அங்கேதான். கார் ஷெட்டில் கிட்டார் பழகிய பையன்களின் முரட்டுத்தனம் இந்தப் பாட்டுகளிலும் இருக்கிறது. அதனால்தான் கட்டுரையில் இவர்களுக்கு இடமில்லாதது உறுத்துகிறது.

நான் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு எஸ்ஸோ பங்க் இருந்தது. 1974இல் இந்திய அரசு அந்த நிறுவனத்தின் இந்தியத் தொழிலைக் கையகப்படுத்தியதும் அது ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் ஆனது. பல வருடம் கழித்து ஓவன்ஸின் பாட்டைக் கேட்டபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பழைய போர்டுதான்.

அடுத்த பகுதியில் பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை