கப்பலோடு நிறுத்திவிடாதீர்கள்

தென் கரோலைனா சட்டமன்ற வளாகத்தில் ராபர்ட் ஸ்மால்ஸுக்குச் சிலை அமைக்கும் குழுவினருக்கு,

வணக்கம். 2024-ல் சட்டம் போட்டுத் தொடங்கிய வேலை இது. சிலையின் பீடத்தில் என்ன பொறிக்க வேண்டும் என்பது பற்றித்தான் இந்த மடல்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862 மே 13 விடிவதற்கு முன் நடந்ததை யாரும் விட்டுவிட மாட்டார்கள். 23 வயது அடிமையான ஸ்மால்ஸ், கேப்டனின் வைக்கோல் தொப்பியை மாட்டிக்கொண்டு, சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து 'பிளான்டர்' கப்பலைக் கிளப்பினார். தெற்குப் படையின் கையிலிருந்த சம்டர் கோட்டைக்கு முறையான சங்கொலி கொடுத்துக் கடந்து, மனைவி பிள்ளைகளோடு வடக்குக் கடற்படையிடம் போய்ச் சேர்ந்தார். பிரமாதம்தான். ஆனால் அது ஓர் இரவின் வேலை. அப்புறம் அவர் வாழ்ந்தது ஐம்பது வருடத்துக்கும் மேல்.

1868 அரசியல் சட்ட மாநாட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பள்ளி வேண்டுமென்று வாதாடியவர் அவர். பிறகு மாநிலச் சட்டமன்றத்தின் கீழவை, மேலவை, மாநிலப் படையில் மேஜர் ஜெனரல் பதவி, வாஷிங்டனில் காங்கிரஸ் உறுப்பினர். 1877-ல் 5,000 டாலர் லஞ்ச வழக்கில் தண்டனை, 1879-ல் ஆளுநரின் மன்னிப்பு. இதையும் மறைக்க வேண்டாம். எதிர்க்கட்சி ஆட்சியைப் பிடித்த கையோடு போட்ட வழக்கு என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

என் முக்கியமான வேண்டுகோள் 1895 பற்றியது. கறுப்பர்களின் வாக்குரிமையைப் பறிக்கவே மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் பென் டில்மன் கூட்டிய அரசியல் சட்ட மாநாடு அது. கறுப்பினப் பிரதிநிதிகள் ஆறே பேர். கலப்புத் திருமணத்துக்குத் தடை என்று பேச்சு வந்தபோது ஸ்மால்ஸ் எழுந்து ஒரு திருத்தம் கொடுத்தார்: கறுப்புப் பெண்ணோடு குடும்பம் நடத்தும் வெள்ளையர் எவரும் பதவி வகிக்கக் கூடாது. சபை நெளிந்திருக்கும்! திருத்தத்தைத் தோற்கடித்தார்கள். வாக்குரிமையையும் பறித்தார்கள். கடைசியில் அந்தப் புதிய அரசியல் சட்டத்தில் கையெழுத்துப் போட ஸ்மால்ஸ் மறுத்துவிட்டார்.

டில்மனின் சிலை 1940 முதல் இதே வளாகத்தில் நிற்கிறது. இரண்டையும் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு, இவர்கள் ஒரே மண்டபத்தில் மோதியவர்கள் என்று யார் சொல்வது? பீடத்தில் கப்பலுக்கு ஒரு பக்கம் போதும். 1895-க்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள், டில்மன் பெயரோடு.

இப்படிக்கு,
வரலாற்று வாசகன் ஒருவன்