துப்பாக்கியை விடுங்கள், ஸ்டேஷன் ரைட்டரைப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

போன வார ஞாயிறு இணைப்பில், குற்றக் கதைகளில் வரும் நல்லவரா கெட்டவரா என்று சொல்ல முடியாத போலீஸ்காரர்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதில் பாராட்டியிருந்த கதைகளில் எல்லாம் இன்ஸ்பெக்டர் ஒரே ஆள்தான். மனைவி பிரிந்து போயிருப்பார், ராத்திரி தனியாகக் குடிப்பார், கடைசியில் காசிமேட்டிலோ எண்ணூர் பக்கமோ ஒருத்தனைச் சுட்டுவிட்டுக் கடலைப் பார்த்து நிற்பார். செத்தவனுக்குப் பட்டப்பெயர் இருக்கும், அம்மா இருக்க மாட்டாள். இவருடைய மனப் போராட்டத்துக்கு நாம் உச்சுக்கொட்ட வேண்டுமாம். வியாசர்பாடியில் உட்கார்ந்து படிக்கிறவனுக்கு அது அவ்வளவு சுலபமாக வருவதில்லை.

நான் ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. நாவல் படிப்பது பழக்கம், எஃப்.ஐ.ஆர். படிப்பது பிழைப்பு. இரண்டையும் படிக்கிறவன் என்கிற முறையில் எனக்குத் தோன்றுவது, நம் எழுத்தாளர்கள் போலீஸின் மனசாட்சியைத் தப்பான இடத்தில் தேடுகிறார்கள். அது மாட்டிக்கொண்டு முழிப்பது ஸ்டேஷனில் எழுதப்படுகிற காகிதத்தில்.

1958இல் ஆர்சன் வெல்ஸ் எடுத்து நடித்த 'டச் ஆஃப் ஈவில்' இதைச் சரியாகப் பிடித்த படம். அதில் வரும் குவின்லன் பெரிய பெயரெடுத்த போலீஸ் அதிகாரி. அவருடைய மனைவியைக் கழுத்தை நெரித்துக் கொன்றவன் தப்பித்துவிட்டான், அதற்கப்புறம் எவனையும் தப்பவிடுவதில்லை என்று இருக்கிறார். குண்டு வைத்த வழக்கில் ஒரு இளைஞன் வீட்டுக் குளியலறையில் ஷூ பெட்டிக்குள் டைனமைட் கிடைக்கிறது. கொஞ்ச நேரம் முன்னால் அதே பெட்டியைத் தட்டிவிட்ட இன்னொரு அதிகாரிக்கு அது காலிப் பெட்டி என்று தெரியும். இத்தனைக்கும் கடைசியில் அந்த இளைஞன் குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்று செய்தி வருகிறது. ஆக, ஆள் சரி, குவின்லன் கொண்டுபோய் வைத்த ஆதாரம் பொய். இப்போது இவரை என்ன செய்வீர்கள்? இந்தக் கேள்விக்கு மழையும் சிகரெட்டும் தேவையில்லை, ஒரு காலி ஷூ பெட்டி போதும்.

நம்மூரில் இந்தப் பெட்டிக்கு ஒரு சட்டப் பிரிவே இருக்கிறது. போலீஸிடம் கொடுக்கிற ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. ஆனால் அதைச் சொன்னதால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 27, 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் பிரிவு 23க்குள் வருகிறது. அதனால்தான் தண்டையார்பேட்டையில் பிடிபட்டவனும் புளியந்தோப்பில் பிடிபட்டவனும் ஒரே மாதிரி பேசுகிறார்கள்: 'என்னை அழைத்துச் சென்றால் மறைத்து வைத்துள்ள கத்தியை எடுத்து ஆஜர்படுத்துகிறேன்.' எந்தப் பையன் இப்படிப் பேசுவான்? 'ஆஜர்படுத்துகிறேன்' எழுதுவது ஸ்டேஷன் ரைட்டர், அதாவது ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற போலீஸ்காரர். சாட்சிக்கு இரண்டு பேர் கையெழுத்து, அதில் ஒருத்தர் பெரும்பாலும் பக்கத்துக் கடைக்காரர். கூண்டில் ஏறியதும் அவர், 'கையெழுத்து என்னுடையதுதான், எழுதியிருந்தது என்னவென்று தெரியாது' என்பார். பிறழ்சாட்சி, அதாவது சொன்னதை மாற்றிய சாட்சி என்று குறித்துக்கொண்டு அடுத்த சாட்சியைக் கூப்பிடுவார்கள்.

அந்த ரைட்டரை வைத்து யாராவது ஒரு நாவல் எழுதியிருக்கிறார்களா? நான் பார்த்ததில்லை. ஒரு வரியில் ஒருத்தன் ஜாமீனில் போவதும் புழலில் கிடப்பதும் அவர் கையில் இருக்கிறது. பையனின் பெயருக்குப் பக்கத்தில் 'என்கிற' போட்டு ஒரு பட்டப்பெயரை ஒட்டுவதும் அவர்தான், அது ஒட்டினால் ஆயுசுக்கும் போகாது. யாரையும் அடிக்காத மனுஷராகக்கூட இருப்பார். மேலே இருப்பவர் சொல்கிறார், இவர் எழுதுகிறார், எழுதவில்லையென்றால் ட்ரான்ஸ்ஃபர், பிள்ளைகள் படிப்பு வேறு நடுவில். இவரைவிடச் சாம்பல் நிற ஆள் உங்களுக்கு எங்கே கிடைப்பான்?

ஏட்டுகள் கதையும் அப்படித்தான். ரிமாண்டுக்குக் கொண்டுவந்த பையன் ஒருவனுக்கு அவன் அம்மா வராண்டாவில் இட்லி ஊட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஊட்டிவிட அனுமதித்ததும், சீக்கிரம்மா, அய்யா வந்துடுவார் என்று காவலுக்கு நின்றதும் ஏட்டய்யா. உள்ளே மாஜிஸ்திரேட் 'போலீஸ் அடிச்சாங்களா' என்று கேட்டபோது பையன் திரும்பிப் பார்த்ததும் அதே ஏட்டய்யாவைத்தான். 'இல்லைங்கய்யா' என்றான். கையில் மாவுக்கட்டு. பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாம், இந்த ஊர்ப் பாத்ரூம்களை யாராவது கட்டாயம் ஆய்வு செய்ய வேண்டும். அம்மா வெளியே வந்ததும் அந்த ஏட்டுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள். எந்த எழுத்தாளரின் இன்ஸ்பெக்டரிடமும் இந்தக் குழப்பத்தில் பாதியைக்கூட நான் பார்த்ததில்லை.

போலீஸை நடுவில் வைத்து எழுத நமக்கு முன்னோடிகள் குறைவு என்பதும் உண்மை. தமிழ்வாணனின் சங்கர்லால் தனியார் துப்பறிவாளர், சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வக்கீல்கள். சினிமாவில் போலீஸ் ஒன்று கடவுள், இல்லை வில்லனின் கையாள். லாக்கப்பை உள்ளிருந்து காட்டிய புத்தகம் என்றால் மு. சந்திரகுமாரின் 'லாக்கப்'தான் சட்டென்று நினைவுக்கு வருகிறது, அவர் குண்டூரில் அடிபட்டவர்.

என்கவுன்டர் விஷயத்துக்கும் வருகிறேன். 2014இல் உச்ச நீதிமன்றம், சாவு நடந்தால் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், சி.ஐ.டி.யோ வேறு ஸ்டேஷன் அணியோ விசாரிக்க வேண்டும், உடனே பதவி உயர்வும் வீர விருதும் கொடுக்கக் கூடாது என்றெல்லாம் சொல்லியிருக்கிறது. கதைகளில் சுட்டதும் அத்தியாயம் முடிந்துவிடுகிறது. அடுத்த நாள் காலையில், கூடப் போன நாலு பேரும் தனித்தனியாக உட்கார்ந்து ஒரே கதையைச் சொல்ல வேண்டும், அதில் ஒருத்தர் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாவல் அங்கேதானே ஆரம்பிக்கிறது?

இது கற்பனை என்று தள்ள முடியாது. 2020இல் சாத்தான்குளம் ஸ்டேஷனில் அடிபட்ட அப்பாவும் மகனும் இறந்தபோது, அந்த ஸ்டேஷனின் பெண் தலைமைக் காவலர் ஒருவர் ராத்திரி நடந்ததை, விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். சொன்னதில் கையெழுத்துப் போடத் தயங்கி, பிறகுதான் போட்டார். குவின்லன் படத்திலும் இப்படி ஒருவர் உண்டு. டைனமைட்டைக் 'கண்டெடுத்த' கூட்டாளி மென்சிஸ், அவர்தான் கடைசியில் மைக்கை உடம்பில் மறைத்துக்கொண்டு தன் அதிகாரியைப் பேசவைக்கப் போவார். அந்தத் தயக்கத்தை எழுதுங்கள் ஐயா, நூறு பக்கம் எழுதினாலும் படிப்பேன்.

உங்கள் இணைப்பில் அடுத்து குற்றக் கதை கேட்பதாக இருந்தால் இதையும் அறிவிப்பில் சேர்த்துவிடுங்கள்: எழுதுகிறவர்கள் ஒரு சாயங்காலம் எங்கள் கோர்ட் பக்கம் வரட்டும். திறந்த நீதிமன்றம், யாரும் உள்ளே வந்து உட்காரலாம். போனை மட்டும் அணைத்துவிடச் சொல்லுங்கள், பெஞ்ச் கிளார்க் கோபக்காரர்.

இப்படிக்கு,
ஒரு வக்கீல் குமாஸ்தா,
வியாசர்பாடி, சென்னை