லட்டுவை உங்களிடம் விடும் முன், அத்தை

அன்புள்ள அத்தைக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமை என் பக் நாய் லட்டுவை அழைத்துக்கொண்டு திருச்சிக்கு வருகிறேன். மறுநாளே நான் புனே கிளம்ப வேண்டும். ஆடிப் பதினெட்டுக்குள் திரும்பிவிடுவேன். அதுவரை மூன்று மாதம் அவன் உங்கள் வீட்டுப் பிள்ளை. போனில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "இதுக்கெல்லாம் கேக்கணுமா, கொண்டு வந்து விடு" என்றீர்கள். அதைக் கேட்ட பிறகுதான் டிக்கெட்டே போட்டேன்.

ஆனால் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது அத்தை. போனில் சொன்னால் "சரிடீ, சரிடீ" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவீர்கள். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. உங்கள் கையால் சோறு ஊட்டி வளர்ந்தவள் நான். அதனால்தான் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. பக் வளர்க்கிற வீடுகளில் எல்லாம் உங்களைப் போலவே பாசமான ஒருவர் இருக்கிறார்.

போன பொங்கலுக்கு வந்து ஒரு வாரம் தங்கினோமே, நினைவிருக்கிறதா? அடுப்படியிலிருந்து பூஜை அறை, பூஜை அறையிலிருந்து கொல்லை என்று உங்கள் புடவைத் தலைப்பைப் பிடித்த மாதிரி உங்கள் பின்னாலேயே திரிந்தான். நீங்கள் நின்றால் உட்கார்ந்து நெற்றியைச் சுருக்கி மேலே பார்ப்பான். "குழந்தை கேக்குது, எப்படி இல்லைன்னு சொல்றது" என்று நெய் வழிகிற சர்க்கரைப் பொங்கலை உருட்டிக் கொடுத்தீர்கள். எண்ணெய் வடியாத வடை ஒன்று. காபிக்கு நனைத்த பிஸ்கட் இரண்டு. சென்னைக்கு வந்து எடை போட்டால் 600 கிராம் கூடியிருந்தான். கேட்க ஒன்றுமில்லாத மாதிரித்தான் இருக்கும். ஆனால் 8 கிலோ நாய்க்கு 600 கிராம் என்றால், 65 கிலோ உள்ள ஒருவருக்கு ஒரே வாரத்தில் 5 கிலோ ஏறிய மாதிரி. அதைக் குறைக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது.

அந்தப் பொங்கலில் இருந்த திராட்சையை மட்டும் நான் ஓடிவந்து பொறுக்கி எடுத்தேனே, நீங்கள்கூட ஒரு மாதிரி பார்த்தீர்கள். திராட்சை, உலர்ந்ததோ பச்சையோ, நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடக்கூடியது. எவ்வளவு தின்றால் ஆபத்து என்று அளவு சொல்ல முடியாது. ஒரு நாய் தின்றுவிட்டுச் சும்மா இருக்கும், இன்னொன்று கொஞ்சம் தின்றதற்கே சிறுநீரகம் செயலிழந்து போகும். வெங்காயமும் பூண்டும் ரத்தத்தின் சிவப்பணுக்களை உடைக்கும். சாக்லேட் இதயத்தைப் படபடக்க வைக்கும். ஆகவே பாயசம், குழம்பு ஊற்றிய சோறு, பிரியாணியில் மிஞ்சிய கோழி எதுவும் வேண்டாம். வெந்த கோழி எலும்பு கூடவே கூடாது, கூர்மையாக உடைந்து குடலைக் கிழித்துவிடும்.

நான் உங்களிடம் மனதார சொல்ல நினைப்பது ஒன்றுதான். பக் நாயிடம் நாம் எதையெல்லாம் அழகு என்று கொஞ்சுகிறோமோ, அதெல்லாமே அதன் உடம்பு கஷ்டப்படுகிற இடம். அந்தச் சப்பை மூக்கு, உருண்டைக் கண், முகத்து மடிப்பு, குண்டு உடம்பு, குறட்டை. லட்டு குறட்டை விடும்போது "எவ்வளவு சுகமா தூங்குறான் பாரு" என்பீர்கள். அவன் சுகமாகத் தூங்கவில்லை அத்தை, மூச்சுக்கு வழி தேடிக்கொண்டிருக்கிறான்.

மூக்கெலும்பு சுருங்கிவிட்டது, ஆனால் அதற்குள் இருக்க வேண்டிய சதை சுருங்கவில்லை. அண்ணத்தின் பின்பக்கத் தசை நீளமாகத் தொங்கி மூச்சுக்குழல் வாயை அடைக்கிறது. மூக்குத் துவாரமோ வெறும் கீறல் மாதிரி இருக்கும். இது கடவுள் கொடுத்ததில்லை. வில்லியம் ஹோகார்த் என்ற ஆங்கில ஓவியர் 1745-இல் தன்னையும் தன் பக் நாயையும் ஒரே படத்தில் வரைந்தார். அந்த நாய்க்கு நல்ல நீளமான மூக்கு இருக்கிறது. அதற்கப்புறம் வந்த மனிதர்கள்தான் தலைமுறை தலைமுறையாகச் சப்பை மூக்காகவே பார்த்துப் பார்த்து இனம் சேர்த்து இப்படி ஆக்கிவிட்டார்கள். லண்டன் ராயல் வெட்டர்னரி காலேஜ் 2022-இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. மற்ற நாய்களோடு ஒப்பிட்டால் பக் நாய்க்கு இந்த மூச்சுக் கோளாறு வரும் வாய்ப்பு சுமார் 54 மடங்கு, கண்ணில் புண் வருவது 13 மடங்கு, தோல் மடிப்பில் தொற்று வருவது 11 மடங்கு. படித்துவிட்டு அன்றைக்கு ராத்திரி முழுக்க அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

நம் ஊருக்கு ஏன் இவர்கள் வந்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். 2003-இல் ஒரு பையன் போகிற இடமெல்லாம் ஒரு பக் நாய் பின்னாலேயே போன ஹட்ச் செல்போன் விளம்பரம். மாமாகூட இன்னும் லட்டுவை "ஹட்ச் நாய்" என்றுதான் கூப்பிடுகிறார். அப்போது ஆசைப்பட்டு வாங்கிய வீடுகளில் எத்தனை பேருக்கு வெயிலைப் பற்றிச் சொல்லிக் கொடுத்திருப்பார்களோ தெரியவில்லை. எனக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போது வெயிலுக்கு வருகிறேன். உங்களிடம் இதுவரை மறைத்த விஷயம் இது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கத்திரி வெயில் நேரம். சாயங்காலம் 5 மணி, வெயில் தாழ்ந்துவிட்டதே என்று லட்டுவைப் பக்கத்துப் பூங்காவுக்கு நடத்திக் கூட்டிப் போனேன். பத்தே நிமிஷ நடை. தார் ரோடு இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது என்பது செருப்புப் போட்ட எனக்குத் தெரியவில்லை. நான் நடக்கிறேன் என்பதால் அவனும் நடந்தான். பூங்கா வாசலில் வயிற்றைத் தரையில் ஒட்டி அப்படியே படுத்துவிட்டான். அரம் வைத்து இரும்பைத் தேய்க்கிற மாதிரி ஒரு சத்தம் தொண்டையிலிருந்து வந்தது. நாக்கு வாயை விட்டு முழுசாக வெளியே தொங்கியது. ரோஜா நிறமாக இருக்கும் நாக்கு, நாவல்பழம் தின்றவன் நாக்கு மாதிரி ஆகிவிட்டது. தூக்கினால் உடம்பு அடுப்பு மாதிரி சுட்டது. வந்து நின்ற ஆட்டோக்கார அண்ணா எதுவும் கேட்கவில்லை. தான் குடிக்க வைத்திருந்த இரண்டு லிட்டர் பாட்டிலை எடுத்து அவன் வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்றிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினார். வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் பார்த்தபோது ஜுரம் 106 டிகிரி. நாய்க்கு 101-இலிருந்து 102.5 வரைதான் சாதாரணம். ட்ரிப்ஸ் ஏற்றி, இரவு 11 மணிக்குத்தான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். வழியிலேயே தண்ணீர் ஊற்றியதுதான் உயிரைக் காப்பாற்றியது என்று டாக்டர் சொன்னார். அந்த அண்ணாவை நான் மறக்கவே மாட்டேன்.

நமக்கு வேர்த்தால் உடம்பு குளிரும். நாய்க்கு அப்படி இல்லை, பாதத்தில் கொஞ்சம் வேர்ப்பதோடு சரி. வாயைத் திறந்து மூச்சிரைத்து, நாக்கிலும் மூக்கின் உள்ளேயும் உள்ள ஈரம் காற்றில் போனால்தான் உடம்பு ஆறும். நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களுக்கு நீளமான மூக்கு இருக்கிறது, வெயிலைத் தாங்கிவிடும். லட்டுவுக்கு அந்த இடமே இல்லை. அவனுக்கு மூச்சிரைக்க இரைக்கத் தொண்டைத் தசை இன்னும் வீங்கி வழியை அடைக்கும்.

ஆகவே அத்தை, நடை என்றால் காலை ஆறரைக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் இன்னொரு தரம். வெளியே இறங்கும் முன் புறங்கையைத் தரையில் ஏழு எண்ணும் வரை வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அவனுக்கும் சுடும். பகலில் உங்கள் கூடத்துச் சிவப்புச் சிமெண்ட் தரைதான் அவனுக்குச் சொர்க்கம், பின்காலை நீட்டித் தவளை மாதிரி படுத்துக்கொள்வான். கரண்ட் போனால் ஈரத் துண்டை அவனுக்கு அடியில் விரியுங்கள், மேலே போர்த்த வேண்டாம். போர்த்தினால் சூடு உள்ளேயே தங்கிவிடும். விழித்திருக்கும்போதே மூச்சு கரகரவென்று சத்தம் போட்டாலோ, நாக்கு நிறம் மாறினாலோ, முதலில் குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி ஃபேனுக்கு நேராக வையுங்கள். அப்புறம் மாமாவை வண்டி எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயத்தில் பயப்பட வேண்டாம். சில நேரம் திடீரென்று நின்று, கழுத்தை நீட்டி, மூக்கால் காற்றை உள்ளே இழுத்து இழுத்து விசித்திரமாக ஒரு சத்தம் போடுவான். தும்மல் தலைகீழாக வருகிற மாதிரி. முதல் தடவை நான் அழுதேவிட்டேன். தொண்டையை மெதுவாக நீவிவிடுங்கள், ஒரு நிமிஷத்துக்குள் நின்றுவிடும்.

கழுத்தில் பட்டை கட்ட வேண்டாம். நெஞ்சைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் பையில் இருக்கிறது, அதில்தான் கயிறு. மூச்சுக்காக மட்டும் சொல்லவில்லை. இவனுக்குக் கண் உட்காரும் குழி ஆழம் குறைவு. கழுத்தை வேகமாக இழுத்தால் கண் வெளியே பிதுங்கிவிடக்கூடும். கொல்லையில் எலுமிச்சைச் செடி இருக்கிறது இல்லையா, அதைச் சுற்றி மட்டும் ஒரு தடுப்பு வைத்துவிடுங்கள். நமக்கு முள்ளில் முதலில் மூக்கு படும், இவனுக்கு முதலில் கண்தான் படும். ஒரு கண்ணைச் சுருக்கினாலோ, முன்காலால் தேய்த்தாலோ, கருவிழியில் பால் படிந்த மாதிரி தெரிந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும், மறுநாள் பார்க்கலாம் என்று விடக்கூடாது. மாமாவின் கண் சொட்டு மருந்தை அவன் கண்ணில் ஊற்றிவிடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் புண் இன்னும் ஆழமாகப் போய்விடும்.

மூக்குக்கு மேலே உள்ள மடிப்பை விரலால் விரித்து, மெல்லிய வேட்டித் துணியால் தினமும் துடைக்க வேண்டும். ஈரம் தங்கக்கூடாது. முதல் இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொள்வான். மடியில் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டே செய்தால் ஒத்துழைப்பான். உங்களுக்கு அது கைவந்த கலை, என் தலைக்குப் பேன் சீப்பு போட்டவர் நீங்கள்.

பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் அவனை விடாதீர்கள். உண்ணி மாத்திரை கொடுத்துத்தான் கூட்டி வருவேன், இருந்தாலும் ராத்திரி காது மடல், விரல் இடுக்கு, அக்குள் மூன்றையும் தடவிப் பாருங்கள். லட்டு ஒரு வேளை சோறு வேண்டாம் என்று சொன்னால் அதையே பெரிய நோயாக எடுத்துக்கொள்ளுங்கள். அவன் அப்படிச் சொல்கிறவன் இல்லை. ஈறு வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

அவன் சாப்பாட்டை அளக்க ஒரு எவர்சில்வர் டம்ளர் கொண்டு வருகிறேன். காலையில் ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு அவனுக்கு வேண்டியது சுமார் 450 கலோரி. பத்து மேரி பிஸ்கட்டே அதில் பாதியைத் தின்றுவிடும். எனக்குத் தெரியும், நீங்கள் சாப்பிடும்போது அவன் எதிரில் உட்கார்ந்து பார்ப்பான். உங்களால் தாங்க முடியாது. வெள்ளரிக்காய் நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். உப்பு, மிளகாய்ப்பொடி போடாமல். கேரட்டும் கொடுக்கலாம். அவனுக்கு வேண்டியது உங்கள் கையிலிருந்து ஏதோ ஒன்று வருவதுதான், அது வடையா வெள்ளரியா என்று அவன் கணக்குப் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் விலாவைத் தடவிப் பாருங்கள். அழுத்தாமலே எலும்பு கையில் தட்டுப்பட்டால் சரியான எடையில் இருக்கிறான்.

மாமா அவனைக் காவிரிக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொன்னாராம். படித்துறையில் உட்கார வைத்துக் கால் நனைக்கலாம், அதுவும் விடியற்காலையில். தண்ணீரில் விட வேண்டாம் என்று சொல்லுங்கள். தலை கனம், கால் குட்டை, நீந்த வராது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ராத்திரி அவனுக்குத் தனியாகத் தூக்கம் வராது. யாருடைய காலாவது முதுகில் பட வேண்டும். நீங்கள் பாய் விரித்துப் படுப்பது அவனுக்கு வசதிதான்.

ஞாயிறு அதிகாலை 2 மணிக்கே காரில் கிளம்புகிறோம், வெயில் ஏறும் முன் 8 மணிக்குள் வந்துவிடுவோம். வந்ததும் எனக்குக் காபி, அவனுக்கு ஒரு கிண்ணம் தண்ணீர். அவன் உங்களைப் பார்த்ததும் வாலோடு சேர்த்து இடுப்பையே ஆட்டிக்கொண்டு அடுப்படிக்குத்தான் ஓடுவான். அப்போது கொடுக்க வெள்ளரிக்காய் இரண்டு வில்லை தயாராக வைத்திருங்கள்.

உங்கள் மருமகள்